போட்ட வழியிலேயே எடுங்கள்: லினக்ஸ் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் மென்பொருளை நிறுவுவது, நீக்குவது தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள். அதனால் அவற்றில் மென்பொருளை நிறுவி நீக்கும் கருவியான 'ஆப்ட்' பற்றித்தான் பேச்சு அதிகம். ஃபெடோரா, ஆர்ச் பயனர்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு. கட்டளைகளை ஒலிப்பு வழியில் தமிழிலேயே அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். முன்னால் வரும் 'சூடோ', கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு. பேரெழுத்து வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்தேன். ஓடி முடிந்தது, ஆனால் எந்த மென்பொருளும் புதிதாகவில்லை. சிலவற்றை நிறுவப்போனால் 'அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்று வருகிறது. எங்கே தவறு?

'அப்டேட்' எந்த மென்பொருளையும் தொடாது. களஞ்சியத்தில் (மென்பொருள்களை வைத்திருக்கும் இணையச் சேமிப்பிடம்) இப்போது என்னென்ன பொதிகள் (நிறுவுவதற்கென்று கட்டிய மென்பொருள் மூட்டைகள்) எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கி /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் கோப்புறையில் வைக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பொதிகளைப் புதுப்பிப்பது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. முதலில் அப்டேட், பிறகு அப்கிரேட். நிறுவும் முன்னும் ஒருமுறை அப்டேட் கொடுப்பது நல்லது. பட்டியல் பழையதாக இருந்தால், களஞ்சியத்தில் இல்லாத பழைய பதிப்பை ஆப்ட் தேடிப் போய் 404 (அந்த முகவரியில் கோப்பு இல்லை) என்று திரும்பி வரும்.

'லொகேட்' பிழைக்குப் பெரும்பாலும் காரணம் பெயர். கட்டளையின் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'இஃப்கான்ஃபிக்' வேண்டுமானால் 'நெட்-டூல்ஸ்' பொதியை நிறுவ வேண்டும். 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்' இருப்பது 'பாப்ளர்-யுடில்ஸ்' பொதியில். 'ஆப்ட் சர்ச்' கொடுத்துத் தேடி, 'ஆப்ட் ஷோ' கொடுத்து விவரத்தைப் படித்துவிட்டு நிறுவுங்கள். பெயர் சரிதான், ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் உபுண்டுவில் 'யுனிவர்ஸ்' பிரிவு முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்டேட் கொடுக்கும்போதே 404 வந்தால் அது வேறு கதை. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு. அது முடிந்து சில காலத்தில் அவற்றின் பொதிகள் பழைய பதிப்புகளுக்கான வேறு முகவரிக்குப் போய்விடும். முகவரியை மாற்றி ஓட்டலாம்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதால், புதிய பதிப்புக்கு மாறுவதே சரி.

கேள்வி: ஒரு மென்பொருளின் அமைப்புகளைக் குழப்பிவிட்டேன். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பழைய குழப்பம் அப்படியே திரும்ப வருகிறது!

'ஆப்ட் ரிமூவ்' நிரலை எடுத்துவிட்டு /எட்சி கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்புகளை வேண்டுமென்றே விட்டுவைக்கும். என்றாவது மறுபடி நிறுவினால் உங்கள் அமைப்புகள் வீணாகக் கூடாது என்பது அதன் கணக்கு. அவற்றையும் சேர்த்து எடுக்க 'சூடோ ஆப்ட் பர்ஜ்' கொடுத்துப் பொதியின் பெயரைத் தர வேண்டும். ஏற்கெனவே 'ரிமூவ்' செய்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, இப்போதும் 'பர்ஜ்' வேலை செய்யும். இப்படி எச்சம் விட்டுப் போன பொதிகளைப் பார்க்க, ஆப்ட்டுக்கு அடியில் பொதிகளைப் போட்டு எடுக்கும் கருவியான டிபிகேஜியைக் கேட்கலாம். 'டிபிகேஜி -எல்' கொடுத்து, வரியின் தொடக்கத்தில் 'ஆர்சி' என்று இருப்பவற்றைத் தேடுங்கள். நீக்கியாயிற்று, அமைப்புக் கோப்பு மிச்சம் என்பதன் சுருக்கம் அது.

பலரும் செய்கிற ஒரு குறுக்குவழி இங்கே சிக்கலாகிறது. /எட்சியில் உள்ள கோப்பைக் கையால் அழித்துவிட்டுப் பொதியை மறுபடி நிறுவுவார்கள். புதுக் கோப்பு வந்திருக்கும் என்று பார்த்தால் வந்திருக்காது. நிர்வாகி அழித்தது அவர் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு டிபிகேஜி அந்தக் கோப்பைத் திரும்ப வைக்காது. பொதியைப் பர்ஜ் செய்து நிறுவினால் கோப்பு வந்துவிடும். நீக்காமலே அதை மட்டும் வரவழைக்க '--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்ற டிபிகேஜி விருப்பத்தோடு மறுநிறுவல் செய்யலாம்.

பர்ஜும் உங்கள் வீட்டுக் கோப்புறையைத் தொடாது. உலாவி, எழுத்துத் திருத்தி போன்றவை தங்கள் அமைப்புகளையும் தற்காலிகத் தரவையும் வைத்திருப்பது பெரும்பாலும் ~/.கான்ஃபிக், ~/.லோக்கல்/ஷேர், ~/.கேஷ் ஆகியவற்றில்தான். டெஸ்க்டாப் மென்பொருள் என்றால் உங்கள் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், நிரலை நீக்க வேண்டிய தேவையே இருக்காது. மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றி, மறுபடி திறந்து பாருங்கள். உடனே அழிக்காதீர்கள்.

தரவுத்தளச் சேவைகளில் மட்டும் பர்ஜ் கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. மைஎஸ்கியூஎல், மரியாடிபி சேவையகப் பொதிகள் 'தரவுத்தளங்களையும் அழிக்கட்டுமா' என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்றால் போனது போனதுதான்.

கேள்வி: 'ஆட்டோரிமூவ்' கொடுத்தால் ஐம்பது, அறுபது பொதிகளை நீக்கப்போவதாகப் பட்டியல் போடுகிறது. நம்பி 'ஒய்' தட்டலாமா?

பட்டியலைப் படித்துவிட்டுத் தட்டலாம். படிக்காமல் தட்டக் கூடாது.

ஒவ்வொரு பொதியையும் ஆப்ட் இரண்டில் ஒன்றாகக் குறித்து வைக்கிறது: நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டது, அல்லது இன்னொன்றுக்குத் துணையாகத் தானாக வந்தது. துணையாக வந்த ஒன்றை இப்போது யாருமே கேட்கவில்லை என்றால் அது ஆட்டோரிமூவ் பட்டியலில் ஏறும். 'லிப்' என்று தொடங்கும் நூலகங்களும் பழைய கெர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பட்டியலை நிறைத்திருந்தால் கவலை வேண்டாம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரல், டெஸ்க்டாப்பின் பாகங்கள், நெட்வொர்க் மேனேஜர், திரை டிரைவர் இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் 'என்' தட்டி வெளியே வாருங்கள்.

அவை பட்டியலுக்குள் வருவது எப்படி? உள்ளே நிரல் எதுவும் இல்லாமல், மற்ற பொதிகளை இழுத்து வருவதற்காகவே சில பொதிகள் உள்ளன. 'உபுண்டு-டெஸ்க்டாப்' அப்படி ஒன்று. அது கட்டாயம் என்று சொல்லும் ஒரு சிறு நிரலை வேண்டாமென்று நீக்கினால் இந்தத் தலைப்பொதியும் கூடவே போகும். அந்த நொடியில் எதுவும் கெடாது. ஆனால் அதன் பெயரால் வந்தவற்றுள் சில ஆளில்லாதவையாகி, பின்னொரு நாள் ஆட்டோரிமூவ் பட்டியலில் தலைகாட்டக்கூடும். வேண்டியதை 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' கொடுத்துப் பெயரைச் சொல்லுங்கள். நீங்களே கேட்டது என்ற குறி விழுந்துவிடும், பட்டியலிலிருந்தும் இறங்கிவிடும்.

நிறுவும்போதும் இதே கண் வேண்டும். 'வில் பி ரிமூவ்டு' என்று ஒரு பகுதி தெரிகிறதா என்று பாருங்கள். 2021இல் பாப் ஓஎஸ் வழங்கலில் ஒரு பொதிச் சிக்கலால், ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனவர்களின் டெஸ்க்டாப்பையே ஆப்ட் நீக்க முன்வந்தது. எச்சரிக்கை திரையில் தெளிவாகத்தான் இருந்தது. 'எஸ், டூ அஸ் ஐ சே' என்ற வாக்கியத்தை முழுதாகத் தட்டினால்தான் மேலே போகும் என்றும் இருந்தது. அதையும் தட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் 'ஆப்ட்' கட்டளை அந்த வாக்கியத்தை ஏற்பதில்லை. அத்தியாவசியப் பொதியை நீக்கத் தனியாக ஒரு விருப்பத்தை எழுத வேண்டும்.

ஒத்திகை பார்க்க விரும்பினால் 'ஆப்ட் -எஸ் ரிமூவ்' கொடுத்துப் பெயரைத் தாருங்கள். என்ன நடக்கும் என்று சொல்லும், எதையும் செய்யாது.

கேள்வி: 'குட் நாட் கெட் லாக்' என்ற பிழை. இணையத்தில் தேடினால் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

வேண்டாம். பிழைச் செய்தியிலேயே பூட்டை வைத்திருக்கும் செயல்முறையின் எண்ணும் பெயரும் இருக்கும். பெரும்பாலும் அது 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்', அதாவது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. கணினியைத் திறந்ததும் சில நிமிடங்கள் ஓடிவிட்டுத் தானே விலகிவிடும். காத்திருங்கள். அல்லது வேறொரு சாளரத்தில் மென்பொருள் மையம் திறந்திருக்கும், அதை மூடுங்கள்.

/வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட் என்ற கோப்பு எப்போதும் அங்கேயே இருக்கும். அது இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஓடும் செயல்முறை அதைத் திறந்து கெர்னலிடம் பூட்டுக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது. கோப்பை அழித்தால், உங்கள் ஆப்ட் அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பதிவேடு /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ். எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் உள்ளது. ஏற்கெனவே கெடுத்துக்கொண்டவர்களுக்கு ஓர் ஆறுதல்: /வார்/பேக்கப்ஸ் கோப்புறையில் அதன் முந்தைய பிரதிகள் இருக்கும்.

கேள்வி: வலைத்தளத்திலிருந்து ஒரு .டெப் கோப்பு இறக்கினேன். 'டிபிகேஜி -ஐ' கொடுத்து நிறுவினால் 'டிபெண்டென்சி ப்ராப்ளம்ஸ்' என்று நின்றுவிட்டது.

டிபிகேஜி கையில் கொடுத்த கோப்பை விரித்து வைக்கும், அவ்வளவே. துணைப் பொதிகளைத் தேடிப் போய் இறக்கும் வேலை ஆப்ட்டுடையது. எனவே கோப்பு இருக்கும் கோப்புறைக்குப் போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்புப்பெயர்.டெப்' என்று கொடுங்கள். தொடக்கத்தில் உள்ள புள்ளியும் சாய்கோடும் அவசியம். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரில் களஞ்சியத்தில் தேடும். முடிவில் 'அன்சேண்ட்பாக்ஸ்டு' என்று ஒரு குறிப்பு வந்தால் அது பிழை இல்லை. உங்கள் வீட்டுக் கோப்புறையைப் படிக்க ஆப்ட்டின் தனிப் பயனருக்கு அனுமதி இல்லை என்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பாதியில் நிற்பதைச் சரிசெய்ய 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. துணைப் பொதிகள் களஞ்சியத்தில் இருந்தால் இறக்கி முடித்துவிடும். இல்லாவிட்டால் நீங்கள் போட்ட பொதியையே நீக்க முன்வரும். அப்படிக் கேட்டால், அந்த .டெப் உங்கள் பதிப்புக்காகக் கட்டப்பட்டதல்ல என்று பொருள். வலுக்கட்டாயமாக நிறுவாதீர்கள்.

நீக்கும்போது கோப்பின் பெயர் உதவாது, பொதியின் பெயர்தான் வேண்டும். 'டிபிகேஜி' கட்டளைக்குப் பேரெழுத்து ஐ விருப்பத்தைக் கொடுத்துக் கோப்பைக் காட்டினால் பெயரைச் சொல்லும். சில நிறுவனங்களின் .டெப் தன் பங்குக்கு /எட்சி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறையில் ஒரு களஞ்சிய முகவரியையும் சேர்த்துவிடும். நீக்கிய பிறகு அங்கே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இப்போது எதையும் நிறுவவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை.

இந்த வரிசையில் போங்கள். முதலில் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. விரித்து வைத்து அமைக்கப்படாமல் நிற்பவற்றை இது முடித்துவைக்கும். அடுத்து மேலே சொன்ன '--ஃபிக்ஸ்-ப்ரோக்கன்'. பிறகு அப்டேட், அப்கிரேட்.

ஒரு பொதி மட்டும் 'வெரி பேட் இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்று அடம்பிடித்தால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' கொடுத்துப் பெயரைத் தாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடைசி வழி 'சூடோ டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக்', பிறகு புதிதாக நிறுவல்.

'போஸ்ட்-இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட்' பிழையோடு நின்றால் காரணம் பெரும்பாலும் பொதியில் இருக்காது. நிறுவி முடித்ததும் ஒரு சேவையைத் தொடங்கப் பார்த்திருக்கும். போர்ட் வேறொருவரிடம் இருந்திருக்கும், அல்லது அமைப்புக் கோப்பில் ஒரு பிழை இருந்திருக்கும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்து அந்தச் சேவையின் செய்தியைப் படியுங்கள். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி முதல் கட்டளை.

இடையில் அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், வெறும் என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும், புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு அருகில் நிற்கும். 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். நீங்கள் அந்தக் கோப்பை எப்போதோ திருத்தியிருந்தால் 'டி' தட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: மெனுவில் ஒரு மென்பொருள் தெரிகிறது, ஓடுகிறது. 'ஆப்ட் ரிமூவ்' கொடுத்தால் 'நிறுவப்படவே இல்லை' என்கிறது. எப்படி நீக்குவது?

ஆப்ட் சொல்வது உண்மைதான். அது ஆப்ட் வழியாக வரவில்லை. ஒரே கணினியில் பொதிகளைக் கொண்டுவரப் பல வழிகள் இருக்கின்றன: ஆப்ட்டைச் சாராத பொதி வடிவங்களான ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ், பைத்தான் நிரல்களை நிறுவும் பிப், பிப்எக்ஸ் என்று. ஒன்றின் பதிவேட்டை மற்றொன்று பார்ப்பதில்லை. எந்த வழி என்று கண்டுபிடிக்க 'டைப் -ஏ' கொடுத்து நிரலின் பெயரைத் தட்டுங்கள். பாதை /ஸ்னாப்/பின் என்று வந்தால் அது ஸ்னாப். /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்றால் பெரும்பாலும் யாரோ மூலநிரலிலிருந்து கட்டியது. ~/.லோக்கல்/பின் என்றால் பிப் அல்லது பிப்எக்ஸ். /யுஎஸ்ஆர்/பின் என்றால் 'டிபிகேஜி'க்குப் பேரெழுத்து எஸ் விருப்பத்தோடு அந்தப் பாதையைக் கொடுங்கள், எந்தப் பொதியுடையது என்று சொல்லும். டெர்மினலில் எதுவுமே அகப்படவில்லை என்றால் 'ஃபிளாட்பேக் லிஸ்ட்' பாருங்கள். ஆப்இமேஜ் என்றால் அது ஒற்றைக் கோப்பு. அழித்தால் போதும், மெனுவில் ஒட்டியிருப்பதை ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் அழிக்கலாம்.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் இதில் பலரை ஏமாற்றுகிறது. 'ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்' கொடுத்தாலும் வருவது ஸ்னாப்தான். ஆப்ட் பொதி ஒரு கூடு மட்டுமே. நீக்க 'சூடோ ஸ்னாப் ரிமூவ் ஃபயர்ஃபாக்ஸ்'.

ஸ்னாப் நீக்கும்போது உங்கள் தரவை ஒரு பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். 'ஸ்னாப் சேவ்டு' கொடுத்தால் தெரியும். இடமும் வேண்டும், தரவும் வேண்டாம் என்றால் '--பர்ஜ்' சேர்த்து நீக்குங்கள். ஃபிளாட்பேக்கில் இதற்கு இணையானது '--டெலீட்-டேட்டா'. கூடவே 'ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு' கொடுத்தால் யாருக்கும் தேவைப்படாத ரன்டைம்கள் (மென்பொருள்கள் ஓடுவதற்கான பொது நூலகத் தொகுப்புகள்) போகும். உண்மையில் பெரிய இடம் மிச்சமாவது இதில்தான்.

கேள்வி: /பூட் நிறைந்துவிட்டது. கெர்னல் புதுப்பிப்பு பாதியில் நிற்கிறது. 'ஆட்டோரிமூவ்' கூட ஓட மறுக்கிறது.

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள /பூட் வட்டின் தனிப் பகிர்வாக, சிறியதாக இருக்கும். ஒவ்வொரு கெர்னலும், தொடங்கும்போது தனக்குத் தேவையான 'இனிட்ஆர்டி' கோப்போடு வந்து அங்கே உட்காரும். நிறையும் முன்பே 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுத்து வந்தால் பழையவை போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது தொடாது.

முற்றிலும் நிறைந்துவிட்ட நிலையில், நீக்குவதற்கு முன் பாதியில் நிற்கும் வேலையை ஆப்ட் முடிக்கப் பார்க்கும், அதற்கும் இடம் இருக்காது. ஆகவே கையால் கொஞ்சம் இடம் உண்டாக்க வேண்டும். 'யுநேம் -ஆர்' கொடுத்து இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். /பூட் உள்ளே அந்த எண் இல்லாத, மிகப் பழைய எண்ணுடைய 'இனிட்ஆர்டி' கோப்பு ஒன்றை வேறு பகிர்வுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். இப்போது '--ஃபிக்ஸ்-ப்ரோக்கன்' ஓடும். முடிந்ததும் அந்தப் பழைய கெர்னலின் பொதியை முறையாகப் பர்ஜ் செய்துவிட்டு, நகர்த்தி வைத்ததை அழியுங்கள். ஓடும் கெர்னலோடு அதற்கு முந்தைய ஒன்றையாவது எப்போதும் விட்டுவையுங்கள். புதியது திறக்க மறுக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: பைத்தானின் புதிய பதிப்பு வேண்டும். பழையதை நீக்கிவிட்டு நிறுவலாமா? 'பிப்' வேறு 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுக்கிறது.

கணினியோடு வந்த 'பைத்தான்3' பொதியை நீக்காதீர்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப்பும் பல நிர்வாகக் கருவிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. நீக்கினால் அவையும் வரிசையாக இறங்கும். புதிய பதிப்பைப் பழையதன் பக்கத்தில் வையுங்கள், அதன் இடத்தில் வைக்காதீர்கள். /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 சுட்டுவதையும் மாற்ற வேண்டாம்.

ஏற்கெனவே நீக்கி, திரை கறுப்பாகிவிட்டதா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்கு வாருங்கள். /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பின் கடைசிப் பகுதியில் நீங்கிய பொதிகள் எல்லாம் பெயர் பெயராக இருக்கும். இணையம் கிடைத்தால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவரும். விட்டுப்போனவற்றை அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவலாம்.

பிப் மறுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் பைத்தானுக்குள் பிப் எழுத முடியாது. நூலகம் என்றால் முதலில் 'பைத்தான்3-' என்ற முன்னொட்டோடு ஆப்ட்டில் தேடுங்கள். இல்லையா, 'பைத்தான்3-வென்வ்' பொதியை நிறுவி, 'பைத்தான்3 -எம் வென்வ்' கொடுத்து ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் பிப் ஓட்டுங்கள். நீக்க வேண்டுமானால் அந்தக் கோப்புறையை அழித்தால் முடிந்தது. டெர்மினலில் ஓட்டும் கருவி என்றால் 'பிப்எக்ஸ் இன்ஸ்டால்'. '--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தாலும் வேலை நடக்கும். என்ன செய்யும் என்று அதன் பெயரே சொல்கிறது.

கேள்வி: மூலநிரலிலிருந்து 'மேக் இன்ஸ்டால்' செய்த ஒன்றை எப்படி எடுப்பது? 'மேக் அன்இன்ஸ்டால்' இல்லை என்கிறது.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வந்தது என்பதால் எந்தப் பொதி மேலாளரும் உதவாது. மூலநிரல் கோப்புறை இன்னும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிமேக் கொண்டு கட்டியது என்றால் கட்டிய கோப்புறையில் 'இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டிஎக்ஸ்டி' என்ற கோப்பு இருக்கும். நிறுவிய கோப்புகளின் முழுப் பட்டியல் அது. மற்றவற்றில் 'மேக் இன்ஸ்டால்' கட்டளையோடு பேரெழுத்துகளில் 'டெஸ்ட்டிஐஆர்=' என்று ஒரு தற்காலிகக் கோப்புறையைக் கொடுத்து மறுபடி நிறுவுங்கள். எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே போகும் என்பது அங்கே அப்படியே தெரியும். அதைப் பார்த்து /யுஎஸ்ஆர்/லோக்கலில் உள்ளவற்றை அழியுங்கள். கோப்புறைகளை மொத்தமாக அழிக்காமல் கோப்பு கோப்பாக எடுங்கள். அதே பதிப்பும் அதே '--ப்ரிஃபிக்ஸ்' விருப்பமும் இருந்தால்தான் பட்டியல் பொருந்தும். நூலகக் கோப்புகளை எடுத்திருந்தால் முடிவில் 'சூடோ எல்டிகான்ஃபிக்'.

இப்படி விட்டுப்போனவை இன்னொரு தொல்லையும் தரும். /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் தேடுபாதையில் /யுஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே ஆப்ட் வழியாகப் புதியதை நிறுவிய பிறகும் ஓடுவது நீங்கள் எப்போதோ கட்டிய பழையதாக இருக்கும். அதை அழித்த பின்னும் ஷெல் பழைய பாதையிலேயே தேடினால் 'ஹாஷ் -ஆர்' கொடுங்கள்.

கேள்வி: சில பொதிகள் மட்டும் 'கெப்ட் பேக்' என்று நிற்கின்றன. வலுக்கட்டாயமாக நிறுவலாமா?

உபுண்டுவில் புதுப்பிப்புகள் எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் தரப்படுவதில்லை. உங்கள் முறை வரும் வரை நிற்கும். விட்டுவிடுங்கள். பல வாரம் ஆகியும் நின்றால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' பாருங்கள், யாரோ பிடித்து வைத்திருக்கலாம். அதுவும் இல்லை என்றால் 'ஆப்ட் -எஸ் ஃபுல்-அப்கிரேட்' கொடுத்து எதை நீக்கச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பிபிஏ வழியாக வந்த பொதியை நீக்காமல், உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்குத் திரும்ப வேண்டும்.

பிபிஏ என்பது உபுண்டுவுக்காகத் தனி நபரோ குழுவோ நடத்தும் வெளிக் களஞ்சியம். அதன் முகவரியை மட்டும் எடுத்தால் போதாது. பட்டியல் போகும், நிறுவிய உயர்ந்த பதிப்பு அப்படியே இருக்கும், ஆப்ட் தானாகக் கீழிறங்காது. 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவியை நிறுவி, அதற்கு அந்த பிபிஏவின் பெயரைக் கொடுங்கள். முகவரியை முடக்கிவிட்டு அதிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் பதிப்புக்கு இறக்கும். ஒரே ஒரு பொதிதான் என்றால் 'ஆப்ட் பாலிசி' கொடுத்து இருக்கும் பதிப்புகளைப் பார்த்து, இன்ஸ்டால் கட்டளையில் பெயருக்குப் பின் சமக்குறியிட்டுப் பதிப்பெண்ணை எழுதலாம்.

கேள்வி: ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் இவற்றுக்கு இணையானவை என்ன?

ஃபெடோராவில் 'டிஎன்எஃப் இன்ஸ்டால்', 'டிஎன்எஃப் ரிமூவ்'. இங்கே ரிமூவ் துணைப் பொதிகளையும் இயல்பாகவே சேர்த்து எடுக்கும். பட்டியல் நீளமாக இருப்பது அதனால்தான். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பு '.ஆர்பிஎம்சேவ்' என்ற வாலோடு மிஞ்சும். ஒரு கோப்பு எந்தப் பொதியில் கிடைக்கும் என்பதற்கு 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்'. எங்களுக்கு டிஎன்எஃப்பில் மிகவும் பிடித்தது 'டிஎன்எஃப் ஹிஸ்டரி'. செய்த வேலைகள் எண்ணிட்டு வரும். 'ஹிஸ்டரி அன்டூ' கொடுத்து எண்ணைச் சொன்னால் அந்த ஒன்றைத் திருப்பிப் போடும்.

ஆர்ச்சில் 'பேக்மேன்' கட்டளைக்கு நிறுவப் பேரெழுத்து எஸ், நீக்கப் பேரெழுத்து ஆர். அந்தப் பேரெழுத்து ஆர் பின்னால் சிற்றெழுத்தில் என், எஸ் இரண்டையும் சேர்த்தால் துணைகளும் அமைப்புக் கோப்பின் பிரதியும் போகும். சி சேர்த்தால் அதை நம்பியிருக்கும் எல்லாமும் போகும், அதைத் தொடாதீர்கள். பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒற்றைப் பொதியை நிறுவுவது ஆர்ச்சில் கூடாது. புதுப் பொதி புது நூலகத்தைக் கேட்கும், உங்களிடம் பழையது இருக்கும். எப்போதும் முழுப் புதுப்பிப்பு. பூட்டு விஷயத்தில் இங்கே விதி தலைகீழ்: பேக்மேனின் பூட்டு வெறும் கோப்புதான். ஓடும்போது மின்சாரம் போனால் /வார்/லிப்/பேக்மேன்/டிபி.எல்சிகே அங்கேயே தங்கிவிடும். வேறு பேக்மேன் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழிக்கலாம்.

கேள்வி: புதுக் கணினிக்கு மாறுகிறேன். பழையதில் உள்ள அத்தனை பொதிகளையும் ஒரே கட்டளையில் நிறுவ முடியுமா?

இரண்டிலும் ஒரே வழங்கல், ஒரே பதிப்பு என்றால் முடியும். பழையதில் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கொடுத்து வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். துணைகள் இதில் வராது, வர வேண்டியதும் இல்லை. கோப்பைத் திறந்து கெர்னல், திரை டிரைவர், கையால் .டெப் வழியாக நிறுவியவை ஆகியவற்றின் வரிகளை எடுத்துவிடுங்கள். களஞ்சியத்தில் இல்லாத ஒரே ஒரு பெயர் இருந்தாலும் ஆப்ட் மொத்தத்தையும் மறுத்துவிடும். வெளிக் களஞ்சியங்கள் இருந்தால் அவற்றைப் புதுக் கணினியில் முதலில் சேர்த்து அப்டேட் கொடுங்கள். பிறகு 'எக்ஸ்ஆர்க்ஸ் -ஏ' கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொல்லி, தொடர்ந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதுங்கள். '-ஏ' இல்லாமல் கோப்பை வேறு வழியில் ஊட்டினால், ஆப்ட் 'ஒய்/என்' கேட்கும்போது விசைப்பலகை அதனிடம் இருக்காது, 'அபார்ட்' என்று நின்றுவிடும். ஸ்னாப், ஃபிளாட்பேக், பிப்எக்ஸ் பட்டியல்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.